கையால் செய்து கொடுக்கும் தீபாவளி

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் சாலைக்கு மேலே அலங்கார வளைவுகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. கேம்பல் லேனில் தோரணமும் அகல் விளக்கும் துணிமணியும் விற்கும் கடைகளுக்கு நடுவே தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். அந்த நெரிசலிலிருந்து ஒதுங்கி, ஒரு பாத்திரக் கடைக்குள் இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். கையில் பித்தளை முறுக்கு அச்சு. அதோடு வந்த வில்லைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். எது எதற்கென்று தெரியவில்லை. பக்கத்தில் இட்லித் தட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மூதாட்டி, கேட்காமலேயே கையை நீட்டி வில்லைகளை வாங்கிக்கொள்கிறார்.

“இது தேன்குழலுக்கு, கண்ணு. இந்த நட்சத்திர ஓட்டை முள்ளு முறுக்குக்கு. பொடி ஓட்டை ஓமப்பொடி. நீளமா கீறின மாதிரி இருக்குல்ல, அது ரிப்பன் பக்கோடா.”

“பாட்டி, பாக்கெட் மாவே போதுமா?”

“போதும். ஒரு தரம் சலிச்சுக்கோ. வெண்ணெயைக் கூட்டிப் போட்டுடாதே, எண்ணெயில பிரிஞ்சு போயிடும். முதல் ஈட்டை நீயே தின்னு பார்த்துட்டு அப்புறம் மத்தவங்களுக்குக் கொடு.”

முன்பின் அறியாத இருவர். ஐந்து நிமிடத்தில் ஒருவர் கைவசம் இருந்தது இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. தீபாவளி நெருங்கும் நாள்களில், தேக்கா என்னும் லிட்டில் இந்தியா வட்டாரத்துப் பாத்திரக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் சற்று நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது.

இந்த மாதத்தில் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தவறாமல் எழும் விவாதம் ஒன்று உண்டு. பலகாரத்தை வீட்டில் செய்வதா, வாங்குவதா? கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆண்டிறுதித் தேர்வு. கடையில் ஆண்டு முழுவதும் முறுக்கு கிடைக்கிறது. கைபேசியில் சொன்னால் அலங்காரக் கூடையே வாசலுக்கு வந்து சேர்கிறது. வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் வாங்கிக் கொடுப்பதும் செய்து கொடுப்பதும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வதை இந்தக் கட்டுரை ஏற்கவில்லை. செய்து கொடுக்கும்போது பொருளோடு சேர்ந்து இன்னும் சில காரியங்கள் நடக்கின்றன. அது நின்றுபோனால் அந்தக் காரியங்களும் நின்றுபோகும்.

தாழ்வாரத்தில் போகும் தட்டு

சிங்கப்பூரில் 1972-ல் பட்டாசு முழுமையாகத் தடை செய்யப்பட்டது. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்பு மட்டும் மிஞ்சியது. தமிழ்நாட்டில் விடியற்காலை வெடிச் சத்தம்தான் ஊருக்குத் தீபாவளியை அறிவிக்கும். இங்கே அந்த வேலையைச் செய்வது பலகாரத் தட்டு.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, சாமி கும்பிட்டான பிறகு, பிள்ளைகள் கையில் எவர்சில்வர் தட்டுகள் கொடுக்கப்படும். முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம், அச்சு முறுக்கு. ஓரத்தில் அன்னாசி டார்ட் இரண்டும் சூஜி பிஸ்கட் நான்கும் இருக்கும். அன்னாசி டார்ட் இல்லாத தீபாவளித் தட்டு சிங்கப்பூர்த் தட்டே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். மலாய் மக்சிக் (அத்தை) வீடு, சீன ஆன்ட்டி வீடு, மின்தூக்கிக்கு எதிரில் தனியாக இருக்கும் தாத்தா வீடு.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. குடியிருப்பாளர் குடும்பங்களில் பத்துக்கு எட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றன. 1989-ல் கொண்டுவரப்பட்ட இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு விழுக்காடு வரை வீடு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. இந்தியர்களுக்கும் பிற இனத்தவர்க்கும் சேர்த்து அந்த வரம்பு இப்போது 15 விழுக்காடு. ஆகவே ஒரு தமிழ்க் குடும்பத்தின் அக்கம்பக்கத்தில் பெரும்பாலான கதவுகள் தமிழர் அல்லாதவர்களின் கதவுகள். பக்கத்துப் பக்கத்தில் குடிவைக்கச் சட்டத்தால் முடிந்தது. கதவைத் திறக்க வைத்தவை தட்டுகள்தாம்.

தட்டு வெறுமனே திரும்பி வராது. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்ற வழக்கம் நம்மிடமும் உண்டு, மலாய்க்காரர்களிடமும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு அதே தட்டு குவே பலகாரங்கள் நிரம்பி வரும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் இரண்டிரண்டாக வரும்.

இதில் உணவு விலக்கு பற்றிய பெரிய நாகரிகம் ஒன்று அடங்கியிருக்கிறது. மலாய் வீட்டுக்குப் போகும் பலகாரம் தாவர எண்ணெயில் சுட்டதாக இருக்க வேண்டும். மாட்டிறைச்சி விலக்கும் இந்து வீட்டுக்கு மக்சிக் அனுப்பும் தட்டில் மாட்டிறைச்சி ரெண்டாங் இருக்காது. வீட்டுக்கு ஏற்பப் பார்த்துப் பார்த்து எடுத்துவைப்பார்கள். கடைப் பெட்டியில் ஹலால் முத்திரை இருக்கும். வீட்டு முறுக்குக்கு முத்திரை கிடையாது. இருந்தும் மக்சிக் சாப்பிடுகிறார் என்றால், அந்தச் சமையலறையை அவருக்குத் தெரியும், அதில் நிற்பவளை நம்புகிறார். பத்து ஆண்டு, இருபது ஆண்டு பழக்கத்தில் வரும் நம்பிக்கை அது.

புதிய அடுக்குமாடிகளில் நீண்ட தாழ்வாரங்கள் குறைந்துவிட்டன. பொங்கோலுக்கும் தெங்காவுக்கும் குடிபோகும் இளம் தம்பதிகளுக்கு எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிய ஓர் ஆண்டு ஆகிறது. அங்கே முதல் தட்டை யார் கொண்டுபோவது? அந்தக் கேள்வியை இந்தத் தீபாவளிக்குக் கேட்டுக்கொள்ளாவிட்டால், தாழ்வாரத்தில் வளராத ஒரு தலைமுறைக்கு அது கேள்வியாகவே படாமல் போய்விடும்.

பெட்டிச் செய்தி: ஒரே அச்சு, மூன்று பண்டிகை

நீண்ட கம்பியின் முனையில் பூ வடிவ அச்சு. அதை எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் அமிழ்த்தி, மறுபடி எண்ணெயில் விட்டால் பூ தனியே கழன்று மிதக்கும். நமக்கு அது அச்சு முறுக்கு. மலாய்க்காரர்களுக்கு குவே ரோஸ். பெரனாக்கான்களும் சீனரும் குவே லோயாங் என்பார்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை, முட்டை என்று செய்முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். தீபாவளிக்கு ஒரு வீட்டிலும், சீனப் புத்தாண்டுக்கு இன்னொரு வீட்டிலும், நோன்புப் பெருநாளுக்கு மூன்றாவது வீட்டிலும் இதே பலகாரம் டின்னில் அடைபடுகிறது. அச்சை வீட்டுக்கு வீடு கடன் வாங்கிக்கொண்ட புளோக்குகள் உண்டு. மாவு அச்சில் ஒட்டிக்கொண்டு கழலாவிட்டால் அச்சு போதுமான அளவு சூடாகவில்லை என்று பொருள். இந்தக் கைப்பக்குவத்தை எந்த மொழிக்காரரிடம் கேட்டாலும் சொல்லித் தருவார்கள்.

சாங்கிச் சிறை, 1942

முகம் தெரியாதவருக்குக் கையால் செய்து கொடுப்பதற்கு இந்தத் தீவிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து கிழக்கே, தீவின் கோடியில் அது நடந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டப்பட்ட சிறை அது. அதில் ஏறத்தாழ 3,000 பேர். ஆண்கள் ஒரு பக்கம். பெண்களும் பிள்ளைகளும் இன்னொரு பக்கம். நடுவே சுவர். கணவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று மனைவிக்குத் தெரியாது. போர்க் கைதிகளான படைவீரர்கள் சற்றுத் தள்ளி சாங்கிப் படைமுகாம்களில் அடைபட்டிருந்தார்கள்.

பெண்கள் பகுதியில் இருந்த எத்தல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று. அதில் தன்னைப் பற்றி எதையாவது தைக்க வேண்டும். தைத்து முடித்த சதுரங்களை ஒன்றாகச் சேர்த்து, மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வையாக அனுப்பலாம். மாவு மூட்டைத் துணி, கிழிந்த ஆடை, பிரித்தெடுத்த நூல் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். பூ, வீடு, கப்பல், பிறந்த ஊர், கையெழுத்து. பலர் தங்கள் பெயரைத் தைத்தார்கள். போர்வை படைமுகாம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து செய்தி பரவி, இன்னார் உயிரோடு இருக்கிறாள் என்று கணவனுக்கோ அண்ணனுக்கோ தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. கடிதத்துக்கு அனுமதி இல்லை. போர்வைக்கு அனுமதி கிடைத்தது.

அவர்கள் தைத்தவற்றில் மூன்று போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. தங்களைச் சிறை வைத்திருப்பவர்களின் படைக்குத்தான் அந்தப் போர்வை. மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப அனுமதி பெறுவதற்கான சாமர்த்தியமும் அதில் இருந்தது என்பார்கள். இருக்கட்டும். சாமர்த்தியத்துக்காக ஒரு முழுப் போர்வையைத் தைத்த கைகள், தையலில் குறை வைக்கவில்லை. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இப்போது கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தில்.

அதே சிறையில் சிறுமிகளும் தைத்தார்கள். எலிசபெத் என்னிஸ் என்ற தாதி அவர்களுக்குச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்காக, கந்தல் துணிகளை அறுகோணங்களாக வெட்டிச் சேர்த்து ஒரு போர்வை செய்யத் தொடங்கினார்கள். தங்கள் பெயர்களையும் அதில் தைத்தார்கள்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் வந்தது. படைமுகாம்களில் இருந்த ஆஸ்திரேலியக் கைதிகள், சிறைக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அறிந்து, கிடைத்த பொருள்களைக் கொண்டு பொம்மைகள் செய்தார்கள். டேவிட் கிரிஃபின் என்பவர் ஒரு கதை எழுதினார். லெஸ்லி கிரீனர் படம் வரைந்தார். ஒரு குரங்கும் தவளையும் பல்லியும் சேர்ந்து, மகிழ்ச்சியின் இரகசியம் அடங்கிய பெட்டியைக் கண்டுபிடிக்கும் கதை. ஒரே ஒரு பிரதி, கையால் கட்டிய புத்தகம். பல்லியின் பெயர் வின்ஸ்டன் என்று இருந்ததால் ஜப்பானிய அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது; சர்ச்சிலைக் குறிக்கும் இரகசியச் செய்தியோ என்று எண்ணி அழிக்கச் சொன்னார். கைதிகள் அழிக்கவில்லை. மண்ணில் புதைத்துவிட்டு, போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்காகச் செய்தார்களோ அவர்கள் கைக்கு அந்தக் கிறிஸ்துமஸில் அது போய்ச் சேரவில்லை. இப்போது அது சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. கதையை எழுதிய கிரிஃபின் 1970களில் சிட்னியின் மேயரானார்.

இதே மாதங்களில் ராபர்ட்ஸ் படைமுகாம் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் வீரர், அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவரில் ஏசு பிறப்பை வரைந்து கிறிஸ்துமஸுக்குள் முடித்தார். நிற்கவே தெம்பில்லாதவர். சக கைதிகள் வண்ணம் திரட்டிக் கொடுத்தார்கள்; நீல நிறத்துக்கு பில்லியர்ட்ஸ் விளையாட்டில் பயன்படும் சுண்ணத்தைப் பொடித்தார்கள். அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் உள்ள சாங்கி அரும்பொருளகம் 2021-ல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்திருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம்.

தமிழ் வாசகர் இதைப் படிக்கும்போது மனத்தில் வேறொன்றும் வந்து நிற்கும். அதே போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். பெரும்பாலோரின் பெயர்கூடப் பதிவாகவில்லை. சாங்கிப் பெண்கள் துணியில் பெயரைத் தைத்ததன் அருமை, பெயரின்றிப் போனவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு நன்றாகவே விளங்கும். ஒரு பொருளில் செய்தவர் பெயர் இருப்பது சிறிய விஷயமன்று.

பிழிவது யார் கை?

வீட்டில் செய்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

பல வீடுகளில் விடை அம்மா. பகலில் வேலை, இரவில் எண்ணெய்ச் சட்டி. பச்சரிசி மாவும் வறுத்தரைத்த உளுந்து மாவும் நாலுக்கு ஒன்று சேர்த்து, எள்ளும் ஓமமும் போட்டுப் பிசைவது எளிது. அச்சை அழுத்திப் பிழிவதுதான் கடினம். மணிக்கட்டு வீங்கிப் போகும். இந்தத் தீவின் ஈரக் காற்றில் மூடி சரியில்லாத டின்னில் வைத்த முறுக்கு ஒரே நாளில் நமத்துவிடும் என்பதால், சுட்ட சூடு ஆறியதும் அடைத்துவைக்க வேண்டும். தூங்கப் போக முடியாது. இவ்வளவையும் ஒரே ஒரு பெண் தலையில் கட்டிவிட்டு, காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன பெருமை இருக்கிறது? தோளில் வலு உள்ள ஆண்கள் அச்சைப் பிழியட்டும். மகன் எண்ணெயைப் பார்த்துக்கொள்ளட்டும். குடும்பமாக உட்கார்ந்து செய்ய முடியாத வீட்டில் வாங்கிக்கொள்வதே மேல். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

இன்னும் பல வீடுகளில் விடை, பணிப்பெண். சிங்கப்பூரில் ஏறத்தாழ 3 லட்சம் இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர், நம் வீட்டுக்கு வந்து நம் முறுக்கைக் கற்றுக்கொண்டு, நம்மைவிட நேர்த்தியாகப் பிழிகிறார். தட்டு போகும் வீடுகளில் அவர் பெயர் சொல்லப்படுவதில்லை. சொல்லலாமே. முதல் டின்னை அவருக்கே கொடுத்து, ஓய்வுநாளில் தோழிகளுக்கு எடுத்துப் போகச் சொல்லலாமே. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளாவது பணமாக ஈடு செய்ய முடியாத ஓய்வுநாளை அவருக்குக் கட்டாயம் தர வேண்டும் என்பது சட்டம். தீபாவளி மாதத்திலும் அது பொருந்தும்.

மூன்றாவது விடை, வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்கள். வேலைக்குப் போக முடியாதவர்கள், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். அக்டோபர் பிறந்தாலே அவர்களுக்கு முன்பதிவு குவிகிறது. இவர்களிடம் வாங்குவதைக் கடையில் வாங்குவதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. செய்தவர் முகம் தெரியும். எந்த ஊர்ப் பக்குவம் என்று கேட்டால் தஞ்சாவூரா, காரைக்குடியா என்று சொல்வார். அவர்களிடம் ஒரு வெள்ளிக்குப் பேரம் பேசுபவர்கள், கடைத்தொகுதியில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறக்காமல் பணம் கட்டுகிறார்கள். அந்த ஒரு வெள்ளி அவருடைய இரவுத் தூக்கம்.

பெட்டிச் செய்தி: வீட்டில் செய்து விற்கலாமா?

அடுக்குமாடி வீட்டில் சிறிய அளவில் உணவு தயாரித்து விற்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இடம் தருகிறது. அந்த வீட்டில் குடியிருப்பவர்களே வேலை செய்ய வேண்டும். பெயர்ப்பலகை கூடாது, கனரக இயந்திரம் கூடாது, புகையாலோ சத்தத்தாலோ அண்டை வீட்டாருக்குத் தொல்லை கூடாது. இல்லப் பணிப்பெண்ணை விற்பனைக்கான பலகாரம் செய்ய வைப்பது மனிதவள அமைச்சின் விதிக்குப் புறம்பானது. உணவுப் பாதுகாப்புக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும். 2020-ல் கொவிட் கட்டுப்பாடுகளின்போது இத்தொழில் சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, மே 12 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

பலகாரம் மட்டுமே பரிசு என்றும் இல்லை. பழைய காட்டன் சேலையில் இரண்டு முழம் போதும், உறுதியான துணிப்பை தைத்துவிடலாம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்கு 5 காசாவது கட்டணம் உண்டு. பை இல்லாத வீடு இல்லை, ஆனால் பாட்டி சேலையில் தைத்த பையை யாரும் குப்பையில் போடுவதில்லை. மல்லிகைச் சரம் கட்டத் தெரிந்தவர்கள் பஃபலோ ரோட்டில் உதிரிப்பூ வாங்கிக் கட்டிக் கொடுக்கலாம். கோலம் போடத் தெரிந்தவர் பக்கத்து வீட்டு வாசலில் ஒன்று போட்டுக் கொடுக்கலாம், அனுமதி கேட்டுவிட்டு. சிங்கப்பூரின் விஜயலட்சுமி மோகன் 2003-ல் கின்னஸ் சாதனை படைத்த மாபெரும் ரங்கோலியை இட்டவர். 2023 பொங்கலுக்கு 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்து, மகளோடு சேர்ந்து, தமிழ்ப் புலவர்களின் உருவங்களை லிட்டில் இந்தியாவில் அமைத்தார். கோலமாவே வேண்டியதில்லை என்று காட்டிவிட்டார்.

முகம் தெரியாதவருக்கு

வீட்டாருக்குச் செய்கிறோம், அக்கம்பக்கத்தாருக்குச் செய்கிறோம். அடுத்த வட்டத்தில் நிற்பவர் யார்?

ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு விடை தெரியும். கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைத் துறைகளில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் தமிழர் கணிசமானோர். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பையன்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, பூண்டும் புளியும் வாங்க, ஊர்க்காரனைப் பார்த்து நாலு வார்த்தை பேச வருகிறார்கள். தீபாவளி அன்று அவர்கள் ஊரில் இல்லை. நம் வீட்டிலும் இல்லை.

2020-ல் அந்த நிலை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஏப்ரலில் தங்கும் விடுதிகள் அடைக்கப்பட்டன. ஆண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொவிட் தொற்று வந்துபோனதாக மனிதவள அமைச்சே சொன்னது. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14-ல் வந்தது. விடுதியை விட்டு விருப்பம்போல் வெளியே வர முடியாதவர்களுக்கு அது எப்படி விடிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில்தான் பலர், வாழ்நாளில் முதல்முறையாக, இந்த ஊழியர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பினார்கள். பிள்ளைகள் கையால் எழுதிய நன்றி அட்டைகளும் பொட்டலங்களோடு போயின.

அதற்கு முன்பே கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு வேலை செய்த ஊழியர்களைக் கண்டு மனம் பொறுக்காமல், வழக்கறிஞர் தீபா சுவாமிநாதன் 2015-ல் ‘இட்ஸ்ரெய்னிங்ரெய்ன்கோட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். மழைக்கோட்டில் ஆரம்பித்தது பண்டிகைக் காலப் பரிசுகள் வரை வளர்ந்தது. காயம்பட்டோ சம்பளத் தகராற்றிலோ வேலை இழந்து நிற்பவர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு அளித்துவருகிறது; அத்திட்டத்தின் பெயர் கஃப் ரோடு திட்டம். கிறிஸ்துமஸ் காலத்தில் பாய்ஸ் பிரிகேட் அமைப்பு 1988 முதல் நடத்திவரும் ‘ஷேர்-எ-கிஃப்ட்’ இயக்கத்தில், வசதி குறைந்தவர்கள் தங்கள் தேவையைச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை நிறைவேற்றுகிறார்.

ஊழியர்களை வாங்கிக்கொள்பவர்களாக மட்டுமே பார்ப்பதும் சரியில்லை. 2014-ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் வங்காளத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் அவர்கள் எழுதிக் கொடுத்தவை இந்த நகரத்துக்கு வந்த கைப்பரிசுகள்தாம். பகல் முழுக்கக் கம்பி கட்டிய கை, இரவு விடுதிப் படுக்கையில் அமர்ந்து எழுதியவை. ஊரிலிருந்து விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியர், அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தில் நாலை முதலாளி வீட்டுக்கோ தெரிந்த அக்கா வீட்டுக்கோ கொண்டுவந்து கொடுப்பதைச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல கண்டிருக்கும். அவர் கொடுத்துவிட்டார். நாம் திருப்பவில்லை என்றால், தட்டு இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

பழைய துணி, காலாவதி நெருங்கிய பிஸ்கட், வேண்டாத பொருள் ஆகியவற்றைக் கட்டிக் கொடுப்பது வேறு. அது வீட்டைக் காலி செய்வது. தம்பிக்கு என்ன செய்வோமோ அதைச் செய்து கொடுப்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

பெட்டிச் செய்தி: கொடுக்கும் முன்

விடுதி அறையில் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் தனியாகச் சாப்பிட மாட்டார். 2021-ல் வந்த புதிய தரநிலைப்படி புதிய விடுதிகளில் ஓர் அறையில் 12 பேர் வரை இருக்கலாம். ஆளுக்கு இரண்டு என்றால் டின்னில் 24 முறுக்காவது இருக்கட்டும்.

பால் இனிப்பு வேண்டாம். குளிர்பதனப் பெட்டி எல்லாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. முறுக்கு, சீடை, மிக்சர், நெய் உருண்டை, அதிரசம் தாங்கும்.

மூடி இறுகிய டின்னாகப் பாருங்கள். என்னென்ன சேர்ந்தது என்று ஒட்டி எழுதுங்கள்: கடலை, எள், நெய், முட்டை. தமிழோடு ஆங்கிலத்திலும் இருந்தால் அறையில் உள்ள வங்காளதேச நண்பருக்கும் உதவும். தாவர எண்ணெயில் செய்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

விடுதிக்கு நேரே போய் நிற்க வேண்டாம். புளோக்கில் துப்புரவு செய்பவர், வீட்டுக்கு எதிரே கட்டடம் கட்டுபவர், அலுவலகத்தில் குழாய் பார்ப்பவர் என்று நாள்தோறும் கண்ணில் படுபவரிடம் தொடங்குங்கள். பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

இந்த ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள்

வாசகர்களிடம் கேட்பது அதிகமில்லை. எல்லாப் பலகாரத்தையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள், வீட்டில் உள்ள எல்லாரும் கை வைத்து. முறுக்கு வராவிட்டால் நெய் உருண்டை. அதுவும் வராவிட்டால் பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டை. செய்யத் தெரியாதென்றால் தேக்காவில் பாத்திரக் கடையில் நிற்கும் எந்தப் பாட்டியையும் கேளுங்கள். இந்திய மரபுடைமை நிலையத்திலும் சமூக மன்றங்களிலும் தீபாவளி நிகழ்ச்சிகள் நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

செய்ததை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு வீட்டுக்கு. ஒரு பங்கு, இதுவரை தட்டாத ஒரு கதவுக்கு. மூன்றாம் பங்கை மூடி இறுகிய டின்னில் போட்டு, மேலே செய்தவர்கள் எல்லார் பெயரையும் எழுதி, உங்கள் புளோக்கைக் கூட்டும் மனிதரிடம் தீபாவளிக்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். தீபாவளி அன்று அவருக்கு விடுப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.